கையூட்டு

கை + ஊட்டு. ஊட்டுவது வாய்க்கு, இந்தச் சொல்லில் மட்டும் கவளம் கைக்குப் போகிறது. இலஞ்சம் வடமொழி வழி வந்தது. பழைய தமிழ் விவிலியம் பரிதானம் என்கிறது. மூன்றில் கையூட்டுதான் செயலைக் கண்முன் காட்டுகிறது.

பூச்சோங்கில் கடையோ பட்டறையோ நடத்தும் நம்மவர்களுக்கு இதன் மலாய்ப் பங்காளியைத் தெரியும்: 'சுவாப்'. வாயில் ஊட்டும் ஒரு கவளம் என்றே பொருள். இலஞ்சம் வாங்குவது 'மாக்கான் சுவாப்'. 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்திலும் 'சுவாப்பான்' என்றே இருக்கிறது. பணம் மட்டுமல்ல, அன்பளிப்பு, வேலை, கமிஷன், கடன் தள்ளுபடி எல்லாம் அதில் அடங்கும். மருந்து நிறுவனம் மருத்துவருக்கு எடுத்துத் தரும் வெளிநாட்டுப் பயணச் சீட்டு? மருந்துச் சீட்டைக் குறிவைத்துத் தந்ததென்றால், அதுவும் ஊட்டல்தான். தீபாவளி ஹேம்பர் என்று பெயர் மாற்றினாலும் உள்ளிருப்பது மாறாது.

2020 ஜூன் 1 முதல் அதே சட்டத்தின் 17ஏ பிரிவு நடப்பில் உள்ளது. நிறுவனத்தின் ஆதாயத்துக்காக ஊழியர் ஊட்டினாலும் நிறுவனம் மாட்டும். தடுக்கப் போதிய ஏற்பாடு இருந்ததென்று அதுவே நிரூபிக்க வேண்டும். அபராதம், கொடுத்ததைப்போல் குறைந்தது 10 மடங்கு அல்லது 10 லட்சம் ரிங்கிட், எது அதிகமோ அது.