ஜொகூரில் லாலாங்கும் தீயும்

மலாய் மக்கள் லாலாங் என்று வழங்கும் புல், தமிழகத்தில் தருப்பை எனச் சொல்லப்பெறும் புற்களுள் ஒன்றாகும். சடங்கில் விரலுக்கு மோதிரமாகும் அப்புல், ஜொகூர் மாநிலத்தில் குடியானவர்க்கும் தோட்டத் தொழிலாளர்க்கும் நெடுங்காலம் தீராப் பகையாக நின்றது. மார்பளவு வளர்ந்து, வேறொன்றும் எளிதில் முளைக்க விடாமல் நிலத்தை மூடி, வறண்ட நாளில் ஒரு பொறி பட்டதும் பற்றியெரியும் இயல்பினது அது.

லாலாங் ஜொகூரில் பெருகியது இயற்கையின் செயலன்று. ஜொகூர் மழைக்காட்டு நாடு. நிழலில் இப்புல் வாழாது. 1840ஆம் ஆண்டுகளில் தெமெங்கோங் இப்ராகீம், சிங்கப்பூரிலிருந்து வந்த சீனர்க்கு ஆற்றங்கரை நிலங்களைச் சீட்டெழுதிக் கொடுத்தார். சீட்டுப் பெற்ற தலைவன் கங்சூ. அவனது குடியிருப்பு கங்கார். கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்னும் ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. அவர்கள் பயிரிட்டவை மிளகும் கம்பீரும். கம்பீர்ச் செடியின் இலையைக் காய்ச்சி இறுக்கினால் காசுக்கட்டி கிடைக்கும். வெற்றிலையோடு மெல்லவும், தோல் பதனிடவும், சாயம் தோய்க்கவும் அது பயன்பட்டது. காய்ச்சிய சக்கை மிளகுக்கு எருவாயிற்று. சிக்கனமான ஏற்பாடுதான், ஆனால் அடுப்புக்கு ஓயாமல் விறகு வேண்டுமே! கம்பீர் நின்ற நிலத்தோடு அதையடுத்த காடும் அழிந்தது. பதினைந்து ஆண்டளவில் மண் சோரும், விறகும் தீரும், குடியானவர் வேறு காடு தேடிப் போவர். அவர்கள் விட்டுச் சென்ற வெளிகளில் லாலாங் குடியேறிற்று. 1917இல் கங்சூ முறை ஒழிக்கப்பட்டது, புல் ஒழியவில்லை.

தீயிட்டே அதனை அழித்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களில் ஹெதர் என்னும் குறும்புதரைக் குளிர்காலத்தில் பட்டை பட்டையாக எரிப்பதுண்டு. முதிர்ந்த புதர் போய் இளந்தளிர் வரும். பின்னர் எங்கேனும் பெருந்தீ மூண்டாலும் அப்பட்டைகளில் அதற்கு இரை குறைவு. ஜொகூரில் அக்கணக்குச் செல்லாது. லாலாங்கின் உயிர் மண்ணுக்கடியில் ஓடும் வேர்த்தண்டில் இருக்கிறது. மேலே இலை எரியும். என்றேனும் நிழல் தந்திருக்கக்கூடிய மரக்கன்றுகள் கருகும். வேர்த்தண்டோ சில நாளில் புதுத்தளிர் விடும். தீப்பட்ட புல் மிகுதியாகப் பூக்கும். பஞ்சு போன்ற விதை காற்றேறி அடுத்த வெற்றிடத்தைப் பிடிக்கும். தீ புல்லை வளர்த்தது. புல் அடுத்த தீக்கு விறகாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. 1909இல் ஜொகூர் இருப்புப்பாதையும் முடிந்தது. இளம் ரப்பர்க் கன்றின் பட்டை மெல்லியது. பக்கத்துப் புல்வெளியில் மூண்ட தீ உள்ளே புகுந்தால், சில ஆண்டு உழைப்பு ஒரு பிற்பகலில் சாம்பலாகும். எனவே எல்லையோரம் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் பட்டை விட்டனர். உள்ளே மண்வெட்டியால் ஆழக் கொத்தி, வேர்த்தண்டுகளைப் பொறுக்கி உலர்த்தி எரித்தனர். சிறு துண்டு தங்கினாலும் மறுபடி முளைக்கும். சீனரும் சாவகரும் இவ்வேலை செய்தனர். ஐரோப்பியர் தோட்டங்களில் தமிழர், ஆணும் பெண்ணுமாக, கங்காணியின் கண்பார்வையில் குனிந்த முதுகு நிமிராமல் செய்தனர்.

மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இல்லாதிருப்பதே நல்ல தோட்டத்துக்கு அடையாளம் எனத் துரைமார் முதலில் கருதினர். மழை மேல்மண்ணை அரித்துக் கொண்டுபோன பின்னரே அக்கருத்துத் தளர்ந்தது. பியூராரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் ஆகிய பயற்றினக் கொடிகளை நிலத்தில் படரவிட்டனர். அவை மண்ணைக் காத்தன, தழைச்சத்தைச் சேர்த்தன, லாலாங்கின்மேல் ஏறி அதன் வெளிச்சத்தையும் மறைத்தன. மரங்கள் வளர்ந்து கிளைகள் கூடியதும் எஞ்சிய புல்லை நிழல் அடக்கிற்று. தீயால் ஆகாதது நிழலால் ஆயிற்று.

ஆயினும் கொடி படருமுன் புல்லை மட்டுப்படுத்தல் வேண்டும். அதற்குச் சோடியம் ஆர்சனைட் என்னும் நஞ்சைத் தெளித்தனர். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. தொழிலாளர் பலர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். ஆளற்ற நிரைகளில் களை ஏறிற்று. போருக்குப் பின் நஞ்சுத் தெளிப்பே விரைவான வழியாகத் தோன்றியது. ஆர்சனைட் பட்ட புல் உப்புச் சுவை கொள்வதால் மாடுகள் அதனை விரும்பித் தின்னும், தின்றவை மடியும். லயங்களில் பால்மாடு வளர்த்த குடும்பங்களுக்கு அவ்விழப்பு சிறிதன்று. தெளித்தவர்க்கும் அந்நஞ்சு நஞ்சே.

பின்னர் ஆர்சனைட் வழக்கொழிந்தது. 1960களில் பாராகுவாட்டும், 1970களில் கிளைபோசேட்டும் வந்தன. லாலாங்கின் வேர்த்தண்டு வரை சென்று கொன்றது கிளைபோசேட்டே. முதுகில் தெளிப்பான் சுமந்து இம்மருந்துகளை அடித்தவர்களுள் பெண்களே மிகுதி. செம்பனைத் தோட்டங்களிலும் அவ்வேலை அவர்களைத் தொடர்ந்தது. பாராகுவாட்டை மலேசிய அரசு 2020 சனவரி 1 முதல் தடை செய்தது.