சிலம்பை உடைக்காத மன்றம்

எதிரணித் தம்பி, "காலங்கடந்து வர்ற நீதி, பாடையில கட்டின பூ மாதிரி"ன்னு சொல்லிக் கைதட்டு வாங்கிட்டுப் போயிட்டார். அவருக்குப் பதில் சொல்ல உங்களையெல்லாம் நெதர்லாந்து நாட்டு ஹேக் நகரத்துக்கு அழைத்துப் போகிறேன். டிக்கெட் வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே இருங்க! (சிரிப்பு)

அங்கே இருப்பது சர்வதேச நீதிமன்றம். 1993 மார்ச் 20-ஆம் தேதி போஸ்னியா என்ற சின்ன நாடு, அன்றைய யூகோஸ்லாவியா மீது வழக்குப் போட்டது. "எங்கள் முஸ்லிம் மக்களை இனமாகவே அழிக்கிறார்கள்" என்பது புகார். ஏப்ரல் 8-ஆம் தேதியே, "இனப்படுகொலை நடக்காமல் தடு" என்று யூகோஸ்லாவியாவுக்கு இடைக்கால உத்தரவு போட்டாச்சு. எட்டு நாள் கழித்து ஐ.நா. பாதுகாப்புச் சபை, ஸ்ரெப்ரெனிட்சா ஊரைப் பாதுகாப்புப் பகதி என்று அறிவித்தது.

1995 ஜூலை 11. அந்த ஊர் போஸ்னிய செர்பியப் படையிடம் விழுந்தது. ஐ.நா.வின் டச்சுப் படைவீரர்கள் அங்கேதான் இருந்தார்கள். சில நாட்களுக்குள் 7,000-க்கும் மேற்பட்ட ஆண்கள், மீசை முளைக்காத பிள்ளைகள் உட்பட, கொல்லப்பட்டார்கள். புதைத்த உடல்களையும் எந்திரம் வைத்துத் தோண்டி வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரே மனுஷனோட எலும்பு இரண்டு மூணு குழியில கிடைச்சுதுய்யா!

தீர்ப்பு 2007 பிப்ரவரி 26-ல். பதினான்கு வருஷம்! அதற்குள் யூகோஸ்லாவியா உடைந்து, செர்பியா மட்டும் பிரதிவாதி. ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்தது இனப்படுகொலைதான் என்றது மன்றம். செய்தது செர்பிய அரசா? இல்லை என்று 13 நீதிபதிகள், மாறாக இருவர்.

வெட்டினவனுக்கு அருவாள் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரன். பணமும் அவன்தான் கொடுத்தான். அந்தப் படை அதிகாரிகள் பலருக்குச் சம்பளமே பெல்கிரேடிலிருந்துதான் போனது. ஆனால் "வெட்டுன்னு இவன் சொன்னதற்குச் சாட்சி எங்கே?" என்று கேட்டது மன்றம்.

சாட்சி இருந்திருக்கலாம். பெல்கிரேடின் உயர் பாதுகாப்புக் குழுக் கூட்டக் குறிப்புகளில் பல பகுதிகள் மறைக்கப்பட்டிருந்தன. முழுசா வரவழையுங்கள் என்று போஸ்னியா கேட்டது. மன்றம் வரவழைக்கவில்லை. பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்ததால்தானே முத்தா மாணிக்கமா என்று தெரிந்தது? இங்கே சிலம்பையே கொண்டுவரச் சொல்லவில்லை. இந்த இடத்தில் எனக்கும் கோபம் உண்டு.

ஆனால் தம்பி, அடுத்த வரியையும் படிக்கணும். "தடுக்க முடிந்தும் தடுக்கவில்லை, அது குற்றம்" என்று 12 பேர் சொன்னார்கள். 1948-ல் உருவான இனப்படுகொலை ஒப்பந்தத்தை மீறியதாக ஒரு நாட்டை மன்றம் தீர்மானித்தது அதுதான் முதல் தடவை. நஷ்டஈடு? ஒரு பைசா கிடையாது. தளபதி ராட்கோ மிலாடிச்சை ஒப்படை என்றது. 2011-ல் செர்பியாவிலேயே பிடித்தார்கள். வேறொரு நீதிமன்றம் 2017-ல் ஆயுள் தண்டனை விதித்தது.

இன்றைக்கும் "அப்படி ஒண்ணும் நடக்கலை"ன்னு சொல்ற அரசியல்வாதிகள் அங்கே இருக்காங்க. மகனோட மிச்ச எலும்புக்காகக் காத்திருக்கிற தாய்க்கு, அவங்க முன்னால எடுத்து வைக்க அந்தத் தீர்ப்பு இருக்கு. அதைப் பாடைப் பூன்னு அவகிட்டப் போய்ச் சொல்லுங்க தம்பி! (கைதட்டல்)