மெத்தைக்கு ஒரு பஞ்சு, போர்வைக்கு ஒரு பஞ்சு

பஞ்சு சூடு தரும் என்று சொல்வது நம் வழக்கம். ஆனால் பஞ்சில் சூடு ஏதும் இல்லை. ஐயமிருந்தால் ஒரு வெப்பமானியைப் பஞ்சில் நன்றாகச் சுற்றி ஒரு மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். பாதரசம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதே பஞ்சினால் ஒரு பனிக்கட்டியைப் பொதிந்து வைத்தால், அது வெளியில் கிடப்பதைவிட நெடுநேரம் உருகாமல் நிற்கும். பஞ்சு சூடாக்கும் பொருளானால் பனிக்கட்டியை அல்லவா முதலில் உருக்கியிருக்க வேண்டும்?

பஞ்சு செய்யும் வேலை வேறு. அது காற்றைப் பிடித்து வைக்கிறது. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. இழைகளுக்கு இடையே ஆயிரமாயிரம் சிற்றறைகளில் காற்று சிக்கிக்கொள்வதால், நம் உடலின் வெப்பம் விரைவில் வெளியேற முடிவதில்லை. ஆகவே நல்ல பஞ்சு எது என்ற கேள்விக்கு, மெத்தைக்காரர் தராசில் நிறுத்துக் காட்டும் எடை விடையாகாது. பஞ்சு எவ்வளவு காற்றைப் பிடிக்கிறது, பிடித்த காற்றை எத்தனை ஆண்டுகள் விடாமல் வைத்திருக்கிறது என்பதே கேள்வி. இதற்கு முதலில் விடை கண்டவர்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் அல்லர். வில்லும் கட்டையும் ஏந்தித் தெருத் தெருவாக நடந்தவர்கள்.

365 படிகள் ஏறி முருகனைக் காணும் திருத்தணியை நீங்கள் அறிவீர்கள். மலை அசையவில்லை, மாவட்டம்தான் பலமுறை மாறிவிட்டது. 1911 வரை அவ்வூர் வட ஆர்க்காட்டில் இருந்தது. அவ்வாண்டு புதிதாக அமைந்த சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது ஆந்திரத்தோடு போயிற்று. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்துக்குத் திரும்பியது. இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. எல்லைக் கோடு எங்கே விழுந்தாலும் அந்த வட்டாரத்தின் பேச்சு தமிழிலும் தெலுங்கிலுமாகவே நடந்துவந்தது. தொழிற்பெயர்களும் அப்படியே இரட்டை.

19ஆம் நூற்றாண்டில் வெளிவந்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு, பஞ்சைத் துப்புரவு செய்வதையே தொழிலாகக் கொண்ட முஸ்லிம் சமூகம் ஒன்றைக் குறிப்பிடுகிறது. தெலுங்கில் அவர்களுக்குத் தூதேகுல என்று பெயர். தூதி என்றால் பஞ்சு. ஏகுதல் என்றால் பஞ்சைப் பிரித்துத் துப்புரவாக்குதல். தமிழர்கள் அவர்களைப் பஞ்சுகொட்டி என்றும் பஞ்சாரி என்றும் அழைத்தனர். இந்தக் குறிப்பை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும் எடுத்தாண்டார். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களின் பட்டியலில் தூதேகுலா என்ற பெயர் இன்றும் இருக்கிறது. கையேட்டை எழுதிய அதிகாரிக்கு அவர்களுடைய திருமணச் சடங்குகளில்தான் ஆர்வம் மிகுதி. நமக்கு வேண்டியது அவர்களுடைய வில்.

ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு ஒரு மரத்தண்டு. அதன் இரு முனைகளுக்கும் இடையே விறைப்பாகக் கட்டிய நரம்பு. அதைத் தட்ட, இரண்டு பக்கமும் பருத்து நடுவில் சிறுத்த ஒரு மரக்கட்டை. நரம்பைப் பஞ்சுக் குவியலில் படும்படி பிடித்துக் கட்டையால் தட்டினால் நரம்பு அதிர்கிறது. அதன் மேல் ஒட்டும் இழைகள் ஒவ்வோர் அதிர்விலும் பிய்த்து எறியப்படுகின்றன. விதைத் துணுக்கும் மண்ணும் கனமானவை. அவை காலடியிலேயே விழுந்துவிடும். இலேசான இழைகள் காற்றில் எழும்பிச் சற்றுத் தள்ளி மேகம்போல் படியும். அழுக்கை நீக்குவது, இழையைப் பிரிப்பது, இடையே காற்றைப் புகுத்துவது ஆகிய மூன்றும் ஒரே தட்டில் முடிகின்றன. இவ்வளவு எளிய கருவியில் இவ்வளவு இயற்பியல் அடங்கியிருப்பது அரிது.

இந்தக் கருவி நமக்குப் புதிதன்று. காற்று மோதச் சிதறும் கடல் அலையின் துளிகளை வில்லால் அடித்த பஞ்சுக்கு ஒப்பிடும் பாடல் ஒன்று நற்றிணையில் உண்டு. பெய்து ஓய்ந்த வெண்முகிலைக் கொட்டிய பஞ்சோடு ஒப்பிடுகிறது ஓர் அகநானூற்றுப் பாடல். கேட்பவர் அன்றாடம் கண்ட காட்சியாக இருந்தால்தானே உவமை பயன்படும்? சீனத்தில் வாங் சென் 1313-இல் எழுதிய வேளாண் நூலிலும் இத்தகைய வில் விவரிக்கப்படுகிறது. ஐரோப்பாவில் தொப்பி செய்தவர்கள் விலங்கு உரோமத்தைப் பிரிக்க இதே வில்லைக் கையாண்டனர்.

பழங்காலத்தில் பஞ்சுகொட்டியின் வில் இரண்டு பேருக்கு உழைத்தது. ஒருவர் நூல் நூற்பவர். மற்றவர் மெத்தை தைப்பவர். 19ஆம் நூற்றாண்டில் ஆலை நூல் வந்து கைராட்டையை ஒழித்தபோது முதல் வேலை போயிற்று. திருத்தணியைச் சுற்றியுள்ள பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற நெசவூர்களில் தறி நிற்கவில்லை. தறிக்கு வரும் நூல்தான் ஆலையிலிருந்து வரலாயிற்று. வில்லுக்கு மிஞ்சியது மெத்தையும் தலையணையும் போர்வையும் மட்டுமே. காந்தியடிகள் கதர் இயக்கத்தைத் தொடங்கியபோது ராட்டை கிடைத்தும் கொட்டிய பஞ்சு கிடைக்காமல் தவித்தார். மாதம் 35 ரூபாய் கேட்ட ஒரு பஞ்சுகொட்டியைக் கங்காபென் தேடிப் பிடித்ததையும், எந்த விலையும் அப்போது தமக்குப் பெரிதாகத் தோன்றவில்லை என்பதையும் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இனி உள்ளே திணிக்கும் பொருளுக்கு வருவோம். நம் முன்னோர் பருத்தி ஒன்றையே நம்பியிருக்கவில்லை. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலில் விரித்திருப்பது அன்னத்தின் தூவி. பஞ்சசயனம் என்று பிற்கால உரைகாரர்கள் எண்ணிச் சொல்லும் ஐந்து வகைப் படுக்கைகளில் பறவைத் தூவியும் உண்டு, பஞ்சு வகைகளும் உண்டு, சிறுபூளையும் உண்டு. எளியவர்களுக்கோ பழந்துணியே திணிப்பு. நைந்த சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்ட போர்வையைத் தெலுங்கில் பொந்த என்பார்கள். கன்னடத்துக் கௌதியும் வங்காளத்துக் காந்தாவும் இதன் உடன்பிறப்புகள். பலமுறை துவைத்த துணி மென்மையானது; அடுக்குகளுக்கிடையே காற்றும் நிற்கும். தென்னாட்டுக் குளிருக்கு அது போதும்.

மெத்தைக்கு நாம் விரும்புவது இலவம்பஞ்சு. ‘இலவு காத்த கிளி’ என்று ஏமாந்தவரைச் சொல்கிறோமே, அந்த இலவு. சங்க நூல்கள் பாடுவது செந்நிறப் பூப்பூக்கும் முள்ளிலவம். இன்று போடிநாயக்கனூர்ப் பக்கத்துத் தோப்புகளில் பஞ்சுக்காக வளர்ப்பது வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வெள்ளிலவம். பருத்தி இழை விதையின் மேல் முளைக்கிறது. இலவ இழையோ காயின் உட்சுவரில் முளைக்கிறது. ஆதலால் கொட்டை நீக்க எந்திரம் வேண்டாம். கோலால் கடைந்தாலே விதை உதிர்ந்துவிடும். கிளிக்குக் கிடைக்காதது நமக்கு எளிதாகக் கிடைக்கிறது!

இலவ இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய சுவருள்ள குழாயாகத் தெரியும். அதன் கன அளவில் ஏறக்குறைய 80 விழுக்காடு வெறும் காற்று. மேலே மெழுகு பூசியிருப்பதால் தண்ணீர் உள்ளே நுழையாது. தன் எடையைப்போல் சுமார் 30 மடங்கு எடையை இது நீரில் தாங்கும். இரண்டாம் உலகப்போருக்கு முன் கப்பல்களின் மிதவைச் சட்டைகளில் இலவம்பஞ்சைத்தான் அடைத்தார்கள். அதில் பெரும்பங்கு ஜாவாத் தீவிலிருந்து போயிற்று. 1942-இல் ஜப்பான் ஜாவாவைக் கைப்பற்றியதும் வரத்து நின்றது. அமெரிக்கர்கள் மாற்றுத் தேடிக் கண்டது என்ன தெரியுமா? நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாற்செடி. எருக்கங்காய் வெடித்து வெண்குஞ்சத்தோடு பறக்கும் விதைகளை நீங்கள் ஊதி விளையாடியிருப்பீர்கள். அந்த விளையாட்டை அங்கே அரசாங்கமே வேலையாக்கியது. இரண்டு பை காய் ஓர் உயிரைக் காக்கும் என்று சொல்லிப் பள்ளிப் பிள்ளைகளைச் சாலையோரங்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் பறித்த காய்களின் பஞ்சு கடற்படையினரின் சட்டைகளுக்குள் போயிற்று.

இவ்வளவு காற்றை வைத்திருக்கும் இலவம்பஞ்சைப் போர்வைக்கும் பயன்படுத்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. இங்கேதான் பஞ்சுகொட்டியின் அறிவு வெளிப்படுகிறது. இலவ இழை வழவழப்பானது, ஒன்றையொன்று பற்றாது. அதனால்தான் அதைத் தனியாக நூற்கவும் முடிவதில்லை. பஞ்சுப் போர்வை, அதாவது வடநாட்டார் ரஜாய் என்பது, இரண்டு துணிகளுக்கிடையே ஒரு மெல்லிய பஞ்சுத் தகட்டைப் பரப்பித் தைப்பது. உதறும்போதும் மடிக்கும்போதும் அந்தத் தகடு கலையாமல் நிற்க வேண்டும். இலவம்பஞ்சு ஒரு மூலைக்கு ஓடிவிடும். மடிப்பில் முறிந்து பொடியாகும். நெருக்கமில்லாத துணியானால் வெளியேயும் வந்துவிடும். தலையணையிலும் மெத்தையிலும் அது அடைபட்டுக் கிடப்பதால் இந்தக் குறை பெரிதாவதில்லை.

பருத்தி இழையின் பிறப்பு வேறு. மூடிய காய்க்குள் அதுவும் குழாய்தான். காய் வெடித்து உலரும்போது குழாய் தட்டையாகி, நாடாவைத் திருகினாற்போல் முறுக்கிக்கொள்கிறது. இந்த முறுக்குகள் ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்வதால்தான் பருத்தி நூலாகிறது. அதே காரணத்தால்தான் தகடாகவும் நிற்கிறது. அப்படியும் காலப்போக்கில் இழைகள் நகரும். அதனால் கையால் கொட்டிய பஞ்சுக்குச் சில விரற்கடை இடைவெளியில் தையல் ஓட்டுகிறார்கள். மிக நெருக்கமாகத் தைத்தால் பஞ்சு அமுங்கிக் காற்று போய்விடும். அகலவிட்டால் பஞ்சு திரளும். இவ்விரண்டுக்கும் நடுவே இடம் காண்பதுதான் தையற்காரியின் திறமை.

பருத்தியிலும் எது? நூற்பவர் நீண்ட, மெல்லிய இழையைத் தேடுவார். போர்வைக்கு அது சிறந்ததன்று. குட்டையான, சற்றே தடித்த இழைதான் அமுக்கினால் மீண்டும் எழும்பும். நம் கருங்கண்ணி, உப்பம் போன்ற நாட்டுப் பருத்திகள் இத்தகையவை. இந்தியா விடுதலை பெற்றபோது பருத்தி நிலத்தில் மிகப் பெரும்பகுதி நாட்டுப் பருத்தியே. ஆனால் ஆலைகளுக்கு நீள இழை வேண்டியிருந்தது. கோவையில் முதல் நூற்பாலை 1888-இல் எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. கம்போடியாப் பருத்தி பரவிற்று. 1968-இல் எம்.சி.யு. 5, 1974-இல் சுவின் என்று நீள இழை இரகங்கள் கோவையிலேயே உருவாயின. சுவின் இழை ஏறக்குறைய 38 மில்லிமீட்டர். கருங்கண்ணியின் இழை அதில் பாதியைச் சற்றே மிஞ்சும். 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தபின் நாட்டுப் பருத்தி வயலின் ஓரத்துக்குப் போய்விட்டது. இதில் உழவரைக் குறை சொல்வதற்கில்லை. வாங்குபவர் கேட்பதைத்தானே அவர் விதைப்பார்? போர்வை தைப்பவர் கேட்ட பஞ்சை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

அதன் விளைவை இன்று மெத்தைக் கடைகளில் காணலாம். அங்கே குவிந்திருப்பதில் பெரும்பகுதி ஆலைக் கழிவு. கழிவிலும் தரம் உண்டு. சீவும் பொறியில் ஒதுக்கப்படும் குட்டை இழை துப்புரவானது. தரையில் கூட்டியெடுத்ததில் விதைத்தோலும் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். இந்தத் தூசு பஞ்சு அடிப்பவரின் நுரையீரலில் போய்த் தங்குகிறது. பஞ்சுத்தூசி நோய், மருத்துவத்தில் பிசினோசிஸ், ஆலைத் தொழிலாளரிடம் நன்கு ஆராயப்பட்ட ஒன்று. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகுவது அதன் தொடக்க அடையாளம். வில்லின் இடத்தில் மின்பொறி வந்ததும் வேலை விரைந்தது. சிறிய அறையில் தூசும் பெருகியது. அழுக்குப் பஞ்சை நாம் மலிவாக வாங்கும்போது மீதி விலையை அவர் மூச்சால் கொடுக்கிறார்.

கடையில் கிடைக்கும் மற்றொன்று பாலியஸ்டர் இழை. 1941-இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட பொருளிலிருந்து வந்தது. இலவத்தைப் பார்த்தே செய்ததுபோல் நடுவில் குழாயுள்ள பாலியஸ்டரும் உண்டு. துவைத்தால் விரைவில் உலரும், அமுங்கினால் எழும்பும். ஆனால் பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தை இயல்பாகவே ஏற்கும்போது, இது அரை விழுக்காடுகூட ஏற்பதில்லை. திருத்தணிக் கோடையில் அதன்மேல் படுத்தால் முதுகு வேர்த்துப் புழுங்கும்.

நீங்கள் வாங்கும் பஞ்சு எது என்று நீங்களே சோதிக்கலாம். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் அமுக்கிவிடுங்கள். இலவம் மேலெழுந்து மிதக்கும்; வெளுத்த பருத்தி நனைந்து மூழ்கும். ஒரு சிறு திரியை இடுக்கியில் பிடித்து, ஆசிரியர் முன்னிலையில், கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். இலவம் சட்டென்று பற்றும், கவனம் தேவை. கறுப்புத் துணியின் மேல் ஒரு பிடி பஞ்சைத் தட்டி, எவ்வளவு தூசு விழுகிறதென்றும் பாருங்கள். பிறகு அதைக் கையில் இறுக்கி விடுங்கள். பாதிக்கு மேல் எழும்பாவிட்டால் அது போர்வைக்கு ஆகாது.

பழைய பருத்திப் போர்வை கட்டிபட்டுப் போனால் எறிந்துவிட வேண்டியதில்லை. தையலைப் பிரித்துப் பஞ்சை மறுபடி அடித்து, குறைந்த அளவுக்குப் புதுப்பஞ்சு சேர்த்துத் தைக்கலாம். அதுவரை மாதம் ஒருமுறை வெயிலில் போடுங்கள். ஈரம் போனால் இழை நிமிரும். பெட்டியில் வைக்கும்போது எல்லாத் துணிக்கும் மேலாக வையுங்கள்.