அத்திரம்பாக்கத்துக் கல்லும் மடக்கையும்

கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளைக் கண்டு, இப்பிரதேசத்தின் சரித்திரமே சிப்காட் வந்த பிறகுதான் தொடங்கியது என்று எண்ணுவோர், தென்மேற்கே கொசஸ்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கம் வரை ஒருமுறை போய்வந்தால், மனித குலத்தின் மிகப் புராதனமான கைவேலைகளுள் ஒன்றை இதே திருவள்ளூர் மாவட்டத்து மண் பத்திரப்படுத்தி வைத்திருந்ததை அறிவர். 1863-இல் பல்லாவரத்தில் கற்கருவி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு வில்லியம் கிங்குடன் இவ்விடத்தையும் கண்டார். அங்கே கிடைத்த கற்கோடரிகள் மனிதன் செதுக்கியவை என்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. எத்தனை ஆண்டுகளுக்கு முன் என்று சொல்ல அன்று எந்தச் சாஸ்திரத்திலும் வழியில்லை.

1999 முதல் அங்கே அகழ்ந்த சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும், பிரெஞ்சு விஞ்ஞானிகளோடு சேர்ந்து, 2011-இல் 'சயன்ஸ்' இதழில் விடையை வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட வழி இது: வெட்டவெளியில் கிடக்கும் குவார்ட்சைட் கல்லில் காஸ்மிக் கதிர்கள் மோதுவதால் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் அணுக்கள் ஏறக்குறைய 6.75-க்கு 1 என்ற விகிதத்தில் உண்டாகின்றன. கல் ஆழப் புதைந்ததும் அணுக்களின் வரவு நின்று, சிதைவு என்னும் செலவு மட்டும் தொடர்கிறது. முன்னது சுமார் 7 லட்சம் ஆண்டிலும் பின்னது சுமார் 14 லட்சம் ஆண்டிலும் பாதியாவதால், அவற்றின் விகிதம் சுமார் 14.3 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. ஆகவே இன்றைய விகிதம் என்பது 6.75-ஐ அரையின் ஓர் அடுக்கால் பெருக்கிய தொகை. நாம் தேடும் காலமோ அந்த அடுக்கிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதைக் கீழே இறக்க, 1614-இல் நேப்பியர் உலகுக்களித்த மடக்கையே சாதனம். மாதிரிக்காக இன்றைய விகிதத்தை 3.27 என்று கொள்வோம்: 6.75-ஐ அதனால் வகுக்க 2.064, அதன் மடக்கையாகிய 0.3148-ஐ, 2-இன் மடக்கையாகிய 0.3010-ஆல் வகுத்து, 14.3-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு. வட்டிக்கு வட்டி ஏறி முதல் இரட்டிப்பாவது எப்போது என்னும் பழங்கணக்கைத் தலைகீழாக நிறுத்தியதே இது. ஆயினும் கடன்காரனுக்கன்றி வேறு யாருக்கும் சுவைக்காத அக்கணக்கைவிட இது எனக்கு மேலாகவே படுகிறது.

ஆய்வாளர்கள் பல திருத்தங்களையும் சேர்த்துக் கண்ட சராசரி 15.1 லட்சம் ஆண்டு, முன்பின் 70,000. மண்ணடுக்கின் காந்தத் திசையும், 10.7 லட்சத்துக்குக் குறையாது என்று சாட்சி சொல்லிற்று. மடக்கைப் பாடத்தில் வட்டிக் கணக்கையே ஆண்டுதோறும் கொடுத்துவரும் இம்மாவட்டத்து ஆசிரியர்கள், இனியேனும் இந்தக் கற்கோடரியின் வயதைக் கேட்டு ஒரு கணக்குக் கொடுப்பார்களாக.