கணினி கட்டிய உரோமாபுரி

உரோமாபுரியை நான் நேரிற் கண்டவனல்லன். ஆயினும் கி.பி. 320ஆம் ஆண்டின் உரோமாபுரித் தெருக்களைக் கண்டிருக்கிறேன். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலே பேராசிரியர் பேர்னாட் பிரிஷர் முதலானோர் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய ‘மீண்டும் பிறந்த உரோம்’ என்னும் முயற்சி, அந்நகரைக் கணினியிலே முப்பரிமாணமாகக் கட்டியெழுப்பியது. அதன் முதற் பதிப்பு 2007 ஜூனில் உரோம் நகரிலேயே வெளியாயிற்று.

ஏன் 320? கொன்ஸ்தந்தீன் மன்னனின் காலம் அது. நகரின் பெருங் கட்டடங்களிற் பெரும்பாலானவை எழுந்துவிட்டன. கிழக்கே கொன்ஸ்தாந்தினோப்பிள் புதுத் தலைநகராவதற்கு (330) இன்னும் பத்தாண்டுகள் இருந்தன. கொலோசியத்தின் வளைவுகளும், போரம் எனப்பட்ட பொதுமன்றுகளும், நீர் கொணர்ந்த உயர்கால்வாய்களும் திரையிலே வெயிலில் மின்னுகின்றன. ஒரு கல்லாவது பெயர்ந்திருக்க வேண்டுமே? இல்லை. அங்கேதான் எனக்கு ஐயம் தொடங்கிற்று.

முதற் பதிப்பில் ஏறத்தாழ 7000 கட்டடங்கள். அவற்றுள் இடமும் வடிவமும் நன்கு தெரிந்து, தனித்தனியே ஆராய்ந்து அமைக்கப்பட்டவை முப்பதளவே. ஏனையவை, உரோமிலுள்ள ஒரு சாந்து மாதிரியுருவிலிருந்து வந்தவை. இத்தாலோ கிஸ்மொண்டி என்னும் கட்டடக் கலைஞர் 1930களிலே தொடங்கி, பல பத்தாண்டுகள் உழைத்து, 1:250 என்ற அளவிலே அமைத்தது அது. அதனை லேசர் கதிரால் அளந்து கணினிக்குள் ஏற்றினர். கிஸ்மொண்டிக்கு வீட்டுக்கு வீடு சான்று கிடைத்திருக்குமா? நான்காம் நூற்றாண்டுப் பட்டியல்கள் 46,000க்கு மேற்பட்ட தொடர்மனைகளைப் பதினான்கு பகுதிகளாகக் கணக்கிட்டுக் கூறுகின்றனவேயன்றி, எந்தத் தெருவில் எந்த மனை என்று கூறவில்லை.

ஆய்வாளர் இதை ஒளிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நன்கு தெரிந்தவை ஒரு வகை, ஊகித்தவை இன்னொரு வகை என்று அவர்களே பிரித்து வைத்தனர். 2006இல் வகுக்கப்பட்ட இலண்டன் சாசனமும், சான்று எது, ஊகம் எது என்பது பார்ப்பவருக்குத் தெரியவேண்டும் என்கிறது. ஆனால் திரையிலே இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே நிழல். உயர்தர வகுப்பிலே இதன் ஒளிப்பதிவைக் காட்டியபோது ஒரு மாணவி, “அந்த மூண்டாவது வீட்டு யன்னலை எப்பிடி சேர் கண்டுபிடிச்சவை?” என்று கேட்டாள். பரீட்சைத் தாளிலே வராத நல்ல கேள்வி.

நேயர்களே, தமிழ் படிப்பிக்கும் எனக்கு இது புதிய சிக்கலன்று. உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267ஆம், 268ஆம் பாட்டுக்கள் அகப்படவில்லை. வேறு பல பாட்டுக்களில் அடிகள் சிதைந்திருந்தன. ஓரடியைத் தாமே யாத்து ஒட்டுவது ஐயருக்கு அரிதா? செய்தாரல்லர். அவ்விடங்களை இன்றும் புள்ளிகளாகவே காண்கிறோம். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளோடு பட்ட பாடும் தமிழறிந்தார் அறிந்ததே.

உரோமிலும் அப்படியோர் ஏடு உண்டு, கல்லேடு. செவெரஸ் பேரரசன் காலத்தில், 203க்கும் 211க்கும் இடையே, நகரின் வரைபடத்தைச் சுவரொன்றை மூடிய ஏறத்தாழ 150 சலவைக்கற் பலகைகளிலே செதுக்கினர். பின்வந்தோர் அவற்றைச் சுவர் கட்டவும் சுண்ணாம்பு சுடவும் பெயர்த்தெடுத்தனர். எஞ்சியவை 1186 துண்டுகள். முழுப் படத்தில் பத்திலொரு பங்களவு. 1999இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் இத்துண்டுகளின் முப்பரிமாண வடிவைக் கணினியிற் பதிந்து, எது எதனோடு பொருந்தும் என்று தேடத் தொடங்கினர். புதிய பொருத்தங்கள் சில கிடைத்தன. இங்கே கணினி புதுப்பாட்டு யாக்கவில்லை. ஏட்டை ஏட்டோடு ஒப்புநோக்குகிறது. மின்னுகின்ற நகரத்திலும் எனக்கு உவப்பானது இந்த வேலைதான்.

அத்துண்டுகளுக்கென 2024 ஜனவரியில் உரோமின் சீலியன் குன்றிலே நூதனசாலையொன்று திறக்கப்பட்டது. 1748இல் நொல்லி வெளியிட்ட நகரப் படத்தைத் தரையிலே விரித்து, அதன்மேல் துண்டுகளை அவையவற்றுக்குரிய இடத்தில் வைத்து, கண்ணாடியால் மூடியிருக்கிறார்கள். வருவோர் அதன்மேல் நடந்து பார்க்கலாம். கடையும் மாடிப்படியும் தெரிகின்ற ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போகச் சில வேளை பல அடிகள் வைக்கவேண்டும். இடையிலே இருப்பது நொல்லியின் கோடுகள் மாத்திரமே.