பேஸ் கிற்றாரை நேரடியாகப் பதிவுசெய்தல்: அம்ப் அறையிலேயே ஒலிக்கட்டும்

கடந்த வருடம் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு அறையில் வயதான பேஸ் கிற்றார் கலைஞர் ஒருவரின் வாசிப்பைப் பதிவுசெய்யப் போனேன். எழுபதுகளில் கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் இசைக்குழுக்களோடு வாசித்தவர். அவரிடமிருந்த கசற்றுகள் எல்லாம் 1995 இடப்பெயர்வோடு போய்விட்டன. அப்போது அவருடைய வாசிப்பு எந்த வடிவிலும் இருக்கவில்லை.

முதல் நாள் அம்ப்பிற்கு முன்னால் மைக் வைத்துப் பதிந்தேன். இரவு போட்டுக் கேட்டபோது பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டரும், வீதியால் போன ஓட்டோக்களும், யன்னல் கண்ணாடியின் அதிர்வும் பேஸோடு சேர்ந்து பதிவாகியிருந்தன. இரண்டாம் நாள் மைக்கை எடுத்துவிட்டு, கிற்றாரை நேரடியாக ஓடியோ இன்டர்பேஸில் செருகி, அவருக்கு ஹெட்போன் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் கழற்றி வைத்துவிட்டார். ஷெல் விழுந்த நாளிலிருந்து அவருடைய வலது காதில் இரைச்சல். ஹெட்போன் போட்டால் அது கூடுகிறது. “தம்பி, எனக்கு அம்ப் வேணும். நெஞ்சில இடிச்சாத்தான் நான் எங்க நிக்கிறன் எண்டு தெரியும்” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான்கு தந்தி பேஸின் தடித்த தந்தி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸில் அதிர்கிறது. அந்த ஒலியைக் காதோடு உடம்பும் உணர்கிறது.

டெட்ரொயிட்டில் செய்த வழி

இது புதிய பிரச்சினை அல்ல. 1960களில் அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில், மோட்டவுன் நிறுவனத்தின் ஹிட்ஸ்வில் ஸ்ரூடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் நேரடியாகவே ஒலிப்பதிவுப் பலகைக்குச் சென்றது. வாசித்தவர்கள் தங்கள் ஒலியை அறையிலிருந்த ஸ்பீக்கரில் கேட்டார்கள். பதிவுக்கு ஒரு பாதை, காதுக்கு வேறொரு பாதை.

இணைக்கும் முறை

இதற்குத் தேவையானது டி.ஐ. பெட்டி. கிற்றாரிலிருந்து வரும் ஒலிச்சமிக்ஞை பலவீனமானது. நீண்ட வயரில் போனால் தெளிவு குறையும், இரைச்சல் ஏறும். டி.ஐ. பெட்டி அதை மைக் வயரில் அனுப்பக்கூடியதாக மாற்றுகிறது.

1. கிற்றார் வயரை டி.ஐ. பெட்டியின் உள்வாயிலில் செருகுங்கள்.
2. மைக் வயர் வாயிலிலிருந்து இன்டர்பேஸுக்கு ஒரு வயர். பதிவாவது இதுதான்.
3. ‘த்ரூ’ அல்லது ‘லிங்க்’ என்று எழுதியிருக்கும் வாயிலிலிருந்து அம்ப்பிற்கு இன்னொரு வயர். வாசிப்பவர் கேட்பது இதை.
4. மிகப் பலமாக வாசிக்கச் சொல்லி, உச்ச அளவு மைனஸ் 10 டெசிபெல் அளவில் நிற்கும்படி கெயினை வையுங்கள்.
5. கணினி வழியாகப் பேஸ் திரும்பி வருவதை மூடிவிடுங்கள். 44,100 மாதிரி வீதத்தில் 512 மாதிரி பஃபர் ஒன்றே ஏறத்தாழ 11.6 மில்லிசெக்கன் தாமதிக்கும். அம்ப்பின் ஒலி கணினிக்குள் போகாததால் அதில் இந்தத் தாமதம் இல்லை.

அறையில் திறந்த மைக் எதுவும் இல்லாதவரை அம்ப்பின் சத்தம் பதிவில் வராது. துணைக்குப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டாலும் அப்படித்தான். ஆனால் பாடகரும் அதே அறையில் மைக்கில் பாடினால் அம்ப் அதற்குள் புகுந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால் டி.ஐ. பெட்டியின் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்சை மாற்றிப் பாருங்கள். பிளக்கின் எர்த் வயரை ஒருபோதும் வெட்டாதீர்கள், அது உயிராபத்து. கிற்றாரை அம்ப்பிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தாலும் இரைச்சல் குறையும். அம்ப்பின் ஸ்பீக்கர் வாயிலை இன்டர்பேஸில் செருகாதீர்கள், இன்டர்பேஸ் பழுதாகிவிடும்.

அம்ப்பில் கேட்கும் ஒலி வேறு, பதிவாகும் ஒலி வேறு என்பதையும் மறக்கக்கூடாது. நேரடிப் பதிவு முதலில் வெறுமையாகவே கேட்கும். அம்ப்பின் நிறத்தைப் பிறகு மென்பொருளால் சேர்க்கலாம். பதிவை மறுபடி அம்ப்பிற்குள் அனுப்பியும் எடுக்கலாம்.

மூன்றாம் நாள் இப்படி இணைத்து நான்கு பாடல்கள் பதிந்தோம். தண்ணீர் மோட்டர் இரண்டு தடவை ஓடியது. பதிவில் அது இல்லை. முடிந்ததும் அவர் முதலில் கேட்டது, “இது எத்தனை இடத்தில இருக்கு?” என்றுதான். இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று வெளிநாட்டிலுள்ள அவருடைய மகளிடம்.