நோய்க்கு ஊர்ப்பெயர் வைத்தால்

கொஞ்சம் நீண்ட பதிவுதான், ஆறுதலாக வாசியுங்கள்.

தமிழ்நாட்டின் வேலூரில் தோட்டப்பாளையம் என்றொரு பகுதி இருக்கிறது. 1964இல் அங்கே மூளைக்காய்ச்சல் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள், பிடிபட்ட ஒரு மூஞ்சூறிலிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். நுளம்பு பரப்பும் வகையாக இருக்கும் என்று எண்ணி, ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிறகு அதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

அதற்கு முன்பே கொரிய யுத்தத்தில் 3000க்கும் மேற்பட்ட ஐ.நா. படையினர் கடும் காய்ச்சலில் விழுந்து, இரத்தம் கசிந்து, சிறுநீரகம் செயலிழந்து அவதிப்பட்டிருந்தார்கள். பலர் இறந்தார்கள். காரணம் கால் நூற்றாண்டாகப் பிடிபடவில்லை. கொரிய விஞ்ஞானி லீ ஹோ வாங் வயலெலிகளின் நுரையீரலில் அதைக் கண்டுபிடித்து 1978இல் வெளியிட்டார். அருகில் ஓடும் ஹன்டான் ஆற்றின் பெயர் அந்த வைரஸுக்கு வந்தது. பிந்திய ஆய்வுகளில்தான் தோட்டப்பாளையம் வைரஸும் அதே குடும்பம் என்று தெரிந்தது. ஆக, ஹன்டா குடும்பத்தில் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது நமது மொழி பேசும் ஊரொன்றில்! அது மனிதருக்கு நோய் தந்ததாக இதுவரை உறுதியாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹன்டா வைரஸ் தன்னைச் சுமக்கும் பிராணியைப் பெரும்பாலும் நோயாளியாக்குவதில்லை. பிராணி போகுமிடமெல்லாம் அதுவும் போகும். காய்ந்த சிறுநீரும் எச்சமும் தூசியாகி மூச்சோடு உள்ளே போனால் நமக்குத் தொற்றும். வீட்டு மூஞ்சூறு பாய்க்கப்பல் காலத்திலிருந்தே வணிகர்களின் சரக்கோடு சரக்காக மாலைதீவு, மொரிசியஸ், ஆபிரிக்கக் கரை என்று போய்ச் சேர்ந்த பிராணி. தோட்டப்பாளையம் வைரஸும் பின்னர் நேபாளம், சீனா, வியட்நாம் மூஞ்சூறுகளில் கிடைத்தது. பெயர் மட்டும் வேலூரிலேயே நின்றுவிட்டது.

பெயர் ஏன் பெரிய விடயம்? 1993இல் அமெரிக்காவின் தென்மேற்கில் இளைஞர்கள் திடீரென மூச்சுத் திணறி இறந்தார்கள். முதலில் இறந்தவர்களில் நவாஹோ பழங்குடியினர் இருந்ததால் ஊடகங்கள் அதை நவாஹோ காய்ச்சல் என்றன. கடித நண்பர்களைப் பார்க்க லொஸ் ஏஞ்சலிஸ் புறப்பட இருந்த நவாஹோ சிறுபிள்ளைகளை அங்குள்ள பாடசாலையொன்று வரவேண்டாம் என்றுவிட்டது. படிப்பிக்கிறவர்களாக நமக்கு அந்தச் செய்தி இன்றும் உறுத்துகிறது. நோயைச் சுமந்ததோ மான் சுண்டெலி. மழை கூடி பைன் கொட்டை நன்றாக விளையும் ஆண்டில் எலி பெருகும், நோயும் வரும், எலியை வீட்டுக்குள் விடாதீர்கள் என்று நவாஹோ பெரியவர்கள் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். வைரஸுக்கு அந்தப் பகுதியின் பெயரை வைக்கப் போனபோது மக்கள் எதிர்த்தார்கள். கடைசியில் ஸ்பானிய மொழியில் "பெயரில்லாதது" என்று வைத்தார்கள்.

2020இல் கொரோனாவை நம்மோடு சேர்த்துப் பேசினார்கள், நமது ஜனாஸாக்களை எரித்தார்கள். நவாஹோ பிள்ளைகளின் கதையை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இலங்கையிலும் ஹன்டா இருக்கிறது. 1980களிலேயே இங்குள்ள நோயாளிகளின் இரத்தத்தில் அதன் அடையாளம் கிடைத்தது. எலிக்காய்ச்சல் என்று சந்தேகித்துச் சேர்க்கப்பட்டவர்களிடமும் பின்னர் கண்டார்கள். இரண்டுக்கும் காய்ச்சல், உடல்வலி, சிறுநீரகப் பாதிப்பு ஒன்றுபோலத்தான் வரும். ஆனால் எலிக்காய்ச்சல் பக்டீரியா நோய், அதற்குரிய மருந்து ஹன்டாவுக்கு வேலை செய்யாது. நமது எலிகளில் கிடைத்ததற்குத் தாய்லாந்தின் பெயர். யாரும் தாய்லாந்துக்குப் போய் வாங்கி வந்ததல்ல.

வயலுக்குப் போகிறவர்கள், நெல் மூட்டை அடுக்குகிறவர்கள் நம் வீடுகளில் நிறைய. பூட்டிக் கிடந்த களஞ்சியத்தைத் திறந்தவுடன் விளக்குமாற்றை எடுக்காதீர்கள். கதவைத் திறந்து காற்றோட விட்டு, எலிப்புழுக்கை கிடக்கும் இடத்தில் குளோரின் கரைத்த நீரைத் தெளித்து ஊறவிட்டு, ஈரத்தோடு துடைத்தெடுங்கள். காய்ச்சல் வந்து வைத்தியரிடம் போனால், எலி நடமாட்டமுள்ள இடத்தில் வேலை செய்ததை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.